கைப்பிடிக் காய் சமையல்: மதுரை வெயிலில் வீட்டுத்தோட்டம் போட்டுப் பறித்ததைச் சமைக்க ஒரு முழு வழிகாட்டி

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் மாடித்தோட்டம் போடலாம் என்று ஏப்ரல் மாதத்தில் பை, மண், விதை எல்லாம் வாங்கி வந்து இறக்குகிறவர்கள் மதுரையில் நிறைய. வருஷத்தில் அதைவிட மோசமான நேரம் கிடையாது. அழகர் ஆற்றில் இறங்குகிற சமயத்திலேயே வெயில் 40 டிகிரியைத் தொட்டுவிடும். மே முதல் வாரத்தில் கத்திரி தொடங்கிவிடும். மொட்டை மாடித் தளம் பகல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதில் முளைத்த நாற்று எத்தனை நாள் தாங்கும்? கருகியதும், "நமக்குக் கைராசி இல்லப்பா" என்று பைகளை மூலையில் அடுக்கிவிடுவார்கள். கைராசியில் குறையில்லை, காலண்டரில்தான் குறை.

இன்னொரு காரணத்தாலும் தோட்டங்கள் நின்றுபோகின்றன. அதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. கடையில் நாம் காய் வாங்குவது அரைக் கிலோ, ஒரு கிலோ. செடி தருவதோ நான்கு வெண்டைக்காய், இரண்டு கத்தரிக்காய், ஒரு பிடி அவரை. அரைக் கிலோவுக்குப் பழகிய கைக்கு இதை வைத்து என்ன செய்வதென்று தெரியாது. குளிர்சாதனப் பெட்டியில் "சேரட்டும்" என்று போடுவார்கள். சேர்வதற்குள் முதலில் பறித்தது வாடிவிடும். ஆகவே இந்த வழிகாட்டியில் செடி வளர்ப்புக்கு இருக்கிற அளவு இடம் அடுப்படிக்கும் உண்டு. என்ன வந்ததோ அதைச் சமைக்கப் பழகினால்தான் தோட்டம் நிலைக்கும்.

முதல் படி: எப்போது, எதை

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது நம் ஊருக்கு அப்படியே பொருந்தும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவுக்குள் வெண்டை, கத்தரி, மிளகாய், கொத்தவரை, பீர்க்கு, புடலை, சுரை எல்லாம் போட்டுவிடலாம். மதுரைக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றோடுதான் வரும். அதற்குள் செடி வேர் பிடித்து நின்றிருக்க வேண்டும். அடைமழையில் பிஞ்சு நாற்று அழுகிவிடும், வளர்ந்த செடி தாங்கிக்கொள்ளும்.

தக்காளிக்கு ராத்திரியில் கொஞ்சம் குளிர்ச்சி இருந்தால்தான் பூ காயாகப் பிடிக்கும். ஆகவே அதைப் புரட்டாசி, ஐப்பசியில் நாற்றுவிட்டு, மார்கழி, தையில் காய் பறிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மாசி வரை நன்றாகக் காய்த்த செடி பங்குனியில் பூவாக உதிர்த்தால் பூச்சி மருந்தைத் தேடி ஓட வேண்டாம், வெயில்தான் காரணம்.

கொடி அவரை தனி ரகம். ஆடியில் போட்டால் பந்தல் முழுக்க இலையாகப் படர்ந்துகொண்டே போகும், ஒரு பூ இருக்காது. ஆவணியில் பக்கத்து வீட்டார் "மலட்டுக் கொடி, பிடுங்கிப் போடுங்க" என்பார்கள். பிடுங்காதீர்கள். பழைய நாட்டு அவரை பகல் நேரம் குறைந்தால்தான் பூக்கும். மார்கழி, தையில் கொத்துக்கொத்தாகக் கொட்டும். எவ்வளவு உரம் போட்டாலும் அது முன்கூட்டிப் பூக்காது. பிள்ளை வளர்ப்பவர்களும் வேலை தேடுபவர்களும் ஒரு தடவையாவது அவரைக்கொடி வளர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

எல்லாவற்றையும் வளர்க்க ஆசைப்படாதீர்கள். பெரிய வெங்காயம், உருளை, கேரட்டுக்கெல்லாம் சந்தைதான் சரி. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று நம் அண்ணா நகரில்தான் திறந்தார்கள். விடிகாலையில் போனால் சுற்றுப்பட்டுக் கிராமத்துக் காய் நல்ல விலையில் கிடைக்கும். பறித்த அரை மணியில் சமைத்தால் ருசி மாறுகிற காய்களை மட்டும் மாடிக்கு வைத்துக்கொள்ளலாம். கீரை, வெண்டை, பிஞ்சுக் கத்தரி, பீர்க்கு, அவரை போதும். கத்தரியில் மதுரை வேளாண்மைக் கல்லூரி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட எம்.டி.யு. 1 ரகம் உண்டு. ஒத்தக்கடையில் யானைமலைப் பக்கம் இருக்கும் கல்லூரிதான், 1965-இல் தொடங்கியது. முருங்கைக்குப் பெரியகுளத்துப் பி.கே.எம். 1. அதை மாடியில் வைக்க முடியாது, வாசலில் ஒரு குழி இருந்தால் வையுங்கள்.

இரண்டாம் படி: மண்ணும் பையும்

12 அங்குல அகலம், 12 அங்குல உயரப் பை ஒரு கத்தரிக்கோ தக்காளிக்கோ போதும். கொடிக்கு 15 அங்குலம் வேண்டும். கீரைக்கு உயரம் தேவையில்லை, அகலமான தொட்டி போதும். நனைந்த மண்ணோடு 12 அங்குலப் பை ஒன்று கிட்டத்தட்ட 20 கிலோ கனக்கும். ஆகவே தளத்தின் நடுவில் குவிக்காமல் கைப்பிடிச் சுவரை ஒட்டி, உத்தரம் போகிற இடமாகப் பார்த்து வரிசையாக வையுங்கள். அடியில் இரண்டு செங்கல் கொடுத்தால் தண்ணீர் வடியும், தளமும் பாழாகாது.

கலவை: செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவைக் கட்டியாக வாங்கினால் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு இன்னொரு முறை அலசுங்கள். உப்பு இருக்கும். திருமங்கலம், பேரையூர்ப் பக்கம் கரிசல் மண்தான் கிடைக்கும் என்றால் மணல் ஒரு பங்கு சேர்க்கணும், இல்லாவிட்டால் காய்ந்ததும் பாளம் பாளமாக வெடித்து வேரை அறுக்கும். கலந்த மண்ணைக் கையில் பிடித்தால் புட்டு மாவு மாதிரி பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும்.

மூன்றாம் படி: விதை

விதை எவ்வளவு பருமனோ அதைப்போல இரண்டு மடங்கு ஆழம் போதும். கீரை விதை தூசி மாதிரி இருப்பதால் நான்கு பங்கு மணலோடு கலந்து தூவுங்கள், மண் மூடத் தேவையில்லை. வெண்டை, கொத்தவரை, அவரையை நேரடியாகப் பையிலேயே ஊன்றலாம். கத்தரி, தக்காளி, மிளகாய்க்குக் குழித்தட்டில் நாற்றுவிட்டு நான்கைந்து வாரத்தில் பிடுங்கி நடவேண்டும். பாகல், பீர்க்கு விதைகள் தோல் கனத்தவை. ஒரு ராத்திரி ஊறட்டும். வடித்த கஞ்சி ஆறியதும் அதில் ஒரு சிட்டிகை சூடோமோனாஸ் (நாற்றழுகலைத் தடுக்கும் நுண்ணுயிர்ப் பொடி) கலந்து விதையைப் புரட்டி நிழலில் உலர்த்திப் போட்டால் நாற்றழுகல் குறையும்.

நடவு எப்போதும் சாயங்காலம். அவ்வளவுதான்.

நான்காம் படி: தண்ணீர், பூச்சி, பூ

மாடிச் செடிகள் வறட்சியில் சாவதைவிடப் பாசத்தில் சாவது அதிகம். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஊற்றாதீர்கள். நண்பகலில் கத்தரி இலை தொங்கினால் பதறவேண்டாம், வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிரும். காலையிலும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் தாகம். நகரில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. பையின் ஓரத்தில் வெள்ளை படியும், இலை நுனி காயும். அங்கெல்லாம் மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்து அவ்வப்போது பை வழிய ஊற்றி உப்பை இறக்கிவிடுங்கள். அரிசி கழுவிய தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் எல்லாம் செடிக்கே.

பூச்சியில் மூன்றை மட்டும் தெரிந்துவைத்தால் போதும். மாவுப்பூச்சி, அசுவினி வந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். போகாவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலமாகத் தெளியுங்கள். கத்தரியில் கொழுந்து மட்டும் தலை கவிழ்ந்தால் உள்ளே புழு துளைத்திருக்கிறது. வாடிய இடத்துக்கு ஒரு விரல் கீழே வெட்டி அப்புறப்படுத்துங்கள், பக்கத்தில் புதுத் துளிர் வரும். வெண்டை இலையில் நரம்பு மட்டும் மஞ்சளாகப் பின்னினால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த நச்சுயிரி, மருந்தில்லை. மனசைக் கல்லாக்கிக்கொண்டு செடியையே பிடுங்கிவிடுங்கள், மற்றவை பிழைக்கும். நகருக்கு வெளியே என்றால் மயில், அழகர்கோவில் பக்கம் என்றால் குரங்கு. அவற்றுக்கு வலை கட்டலாம், மற்றபடி அவற்றுக்கும் ஒரு பங்கு என்று எழுதிவைத்துவிட வேண்டியதுதான்.

பூ விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கணும். கொடியில் முதலில் வருவது பெரும்பாலும் ஆண் பூ. பூத்து உதிர்ந்துகொண்டே இருக்கும், அது இயல்பு. பெண் பூவின் அடியில் விரல் நக அளவில் குட்டிக் காய் ஒன்று ஒட்டியிருக்கும். அது மஞ்சளித்து உதிர்கிறது என்றால் மகரந்தம் சேரவில்லை. மாடிக்குத் தேனீ வருவது குறைவு, ஆகவே அந்த வேலையை நாமே செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நேரம் இருக்கிறது. பாகலும் பூசணியும் விடியலில் மலரும். பீர்க்கு, சுரை, புடலை எல்லாம் பொழுது சாய்ந்துதான் மலரும். பீர்க்கம்பூவைக் காலை ஏழு மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு "பூவே வாடிப்போச்சு" என்று வருத்தப்படுவதில் பயனில்லை. சாயங்காலம் ஆறு மணி வாக்கில் ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழைப் பின்னால் மடித்துவிட்டு, நடுவிலிருக்கும் மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் பைய ஒற்றி எடுங்கள். இரண்டே நாளில் பிஞ்சு பருத்திருப்பது கண்ணுக்கே தெரியும்.

ஐந்தாம் படி: பறிப்பது

வெண்டை பூத்து ஐந்தாறு நாளில் காய் தயார். நுனியை ஒடித்தால் "டொக்" என்று முறிய வேண்டும், வளைந்தால் நார். "இன்னும் கொஞ்சம் பெரிசாகட்டும், நாளைக்குப் பறிக்கலாம்" என்கிற நப்பாசைதான் வெண்டைக்கு எமன். காய் முற்றி விதை பிடித்துவிட்டால் செடி தன் வேலை முடிந்ததாக எடுத்துக்கொண்டு பூப்பதைக் குறைத்துவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்துக்கொண்டே இருந்தால் பூத்துக்கொண்டே இருக்கும். கொத்தவரை, அவரை, கத்தரி எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. எடுக்க எடுக்கத்தான் கொடுக்கும்.

சிறுகீரை 25 நாள் வாக்கில் வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையைப் பிடுங்கக் கூடாது. தரையிலிருந்து இரண்டு விரல் விட்டு அறுத்தால் திரும்பத் திரும்பத் தழையும். காலையில் வெயில் ஏறுமுன் பறிப்பது எல்லாவற்றுக்கும் நல்லது.

இதெல்லாம் லாபமா என்று கேட்டால், சத்தியமாக இல்லை. பை, மண், உரம், தண்ணீர் மோட்டார் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். காசு மிச்சம் பிடிக்கத் தோட்டம் போடுகிறவர்கள் சீக்கிரம் சலித்துப்போவார்கள். அடுப்பில் எண்ணெய் காயும்போது மேலே ஏறி மிளகாய் பறித்து வருகிற சுகத்துக்காகப் போடுங்கள்.

ஆறாம் படி: அடுப்படி

பறித்ததில் நான்கு வகை தனித்தனியாகக் குட்டிக்குட்டியாக இருந்தால் நம் வழக்கமான வெஞ்சனம் எதற்கும் பற்றாது. இதற்கு ஒரே மருந்து கதம்பக் குழம்பு. எங்கள் தெருவில் ஒரு மதினி வாரத்தில் பாதி நாள் இதைத்தான் வைக்கிறார்.

"மதினி, இன்னைக்கு என்ன வெஞ்சனம்?"

"என்னத்தச் சொல்ல, மேல ரெண்டு கத்தரி, ஒரு முருங்கை, அஞ்சாறு அவரை கெடந்துச்சு. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டாச்சு."

அவர் ஒன்றாகப் போட்டதாகச் சொன்னாலும் ஒன்றாகப் போடுவதில்லை. சூட்சுமம் வரிசையில்தான் இருக்கிறது. நான்கு பேருக்கு, எல்லாக் காயும் சேர்த்து 300 கிராம் போதும். அரைக் கப் துவரம்பருப்பை மஞ்சள், ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டுத் தனியாகக் குழைய வேகவையுங்கள். மண்சட்டியிலோ அடி கனத்த பாத்திரத்திலோ இரண்டு கரண்டி கடலை எண்ணெய் ஊற்றிக் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை, ஒரு பிடி சின்ன வெங்காயம் வதக்கவும். முதலில் வேக நேரம் எடுக்கிற முருங்கை, அவரை போட்டு மூழ்குமளவு தண்ணீர், மஞ்சள், உப்பு. கொத்தவரை இருந்தால் இன்னும் முன்னாலேயே போடணும். எட்டு நிமிஷம் கழித்துக் கத்தரி, பூசணி, தக்காளி. அவை முக்கால் வேக்காடு வந்தபிறகு குழம்பு மிளகாய்த்தூள், அப்புறம்தான் நெல்லிக்காய் அளவுப் புளியின் கரைசல்.

புளியை ஏன் கடைசியில் ஊற்றுகிறோம்? புளிப்பு ஏறிவிட்டால் காய் மேலே வேகாது, எவ்வளவு கொதித்தாலும் நறுக்கென்றே நிற்கும். வெண்டைக்கு மட்டும் விதிவிலக்கு. அதைத் தனியாக எண்ணெயில் சுருள வதக்கி, புளி பச்சை வாசனை போனபிறகு போட்டால் கொழகொழப்பும் வராது, உடைந்தும் போகாது. கடைசியாகப் பருப்பைக் கரைத்து ஊற்றி ஒரு கொதி. எந்தக் காய் எவ்வளவு குறைந்தாலும் குழம்பு குழம்பாகவே வரும்.

வெண்டை மட்டும் இருபது காய் வந்த நாளில் பொரியல் செய்யுங்கள். கழுவித் துடைத்து ஈரமே இல்லாமல் நறுக்க வேண்டும், கத்தியும் பலகையும்கூடக் காய்ந்திருக்கணும். இரும்புச் சட்டியைக் காயவைத்து எண்ணெய், கடுகு, உளுந்தம்பருப்பு, வரமிளகாய் தாளித்துக் காயைப் போட்டு மூடாமல், தண்ணீர் தெளிக்காமல், அடிக்கடி கிண்டாமல் வதக்கவும். உப்பு கடைசி இரண்டு நிமிஷத்தில்தான். முதலிலேயே போட்டால் தண்ணீர் விட்டுக் கொழகொழத்துவிடும். இறக்கும்போது வறுத்த வேர்க்கடலையைக் கொரகொரப்பாகப் பொடித்துத் தூவினால் சோறு இரண்டு பிடி கூடவே இறங்கும்.

கீரைக் கடைசலுக்கு மண்சட்டியும் மத்தும் இருந்தால் பாதிக் காரியம் முடிந்தது. கீரையை நறுக்கும் முன்பே அலசிவிடுங்கள். சட்டியில் நான்கு சின்ன வெங்காயம், நான்கு பல் பூண்டு, இரண்டு பச்சை மிளகாய், கொஞ்சம் சீரகம், கையால் தெளித்த தண்ணீர், மேலே கீரை. மூடி போடாதீர்கள், மூடினால் பச்சை நிறம் பழுப்படிக்கும். ஐந்தாறு நிமிஷத்தில் மலையாக இருந்த கீரை ஒரு பிடியாக அடங்கிவிடும். அடங்கியதைப் பார்த்தபிறகு உப்பு போட்டால் கரிக்காது. இறக்கிவைத்து மத்தால் கடைந்து, நல்லெண்ணெயில் கடுகு, உளுந்து, பெருங்காயம் தாளித்துக் கொட்டுங்கள். மிக்ஸியில் அடித்தால் வேறு எதுவோ ஆகிவிடுகிறது, அதைக் கடைசல் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பீர்க்கங்காய் ஒன்று கிடைத்தால் இரண்டு பண்டம். சதையைப் பாசிப்பருப்போடு கூட்டு வைக்கலாம். அதிலேயே தண்ணீர் ஊறும், ஊற்ற வேண்டாம். சீவிய தோலை நல்லெண்ணெயில் நன்றாக வதக்கி, வறுத்த உளுந்தம்பருப்பு இரண்டு கரண்டி, வரமிளகாய் நான்கு, சுண்டைக்காய் அளவு புளி, தேங்காய் கொஞ்சம், உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தால் துவையல். பூச்சிமருந்து அடிக்காத சொந்தக் காய் என்பதால் தோலைத் தைரியமாகச் சாப்பிடலாம்.

ஒரு எச்சரிக்கை. சுரை, பீர்க்கு, புடலை போன்றவற்றை நறுக்கியதும் சின்னத் துண்டு ஒன்றை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் காய் முழுவதையும் குப்பைக்குப் போடுங்கள். வெயிலிலும் வறட்சியிலும் வாடிய கொடியில் சில சமயம் குக்கர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள் கூடிவிடும். அது வயிற்றைப் புரட்டி வாந்தி, பேதி வரை கொண்டுபோகும். வேகவைத்தாலும் போகாது. "வளர்த்ததை எப்படி வீசுவது" என்ற இரக்கம் இங்கே ஆகாது. பாகற்காய் கசப்பு வேறு சங்கதி, அதற்கு இது பொருந்தாது.

ஏழாம் படி: கூடுதலாக வந்தால்

மார்கழி, தையில் நிலைமை தலைகீழாகும். அவரையும் தக்காளியும் ஒரே நேரத்தில் கொட்டும். முதலில் தெருவில் கொடுங்கள். காய் கொடுத்த பாத்திரம் வெறுமையாகத் திரும்புவது நம் பக்கம் வழக்கமில்லை. கறிவேப்பிலையோ மோரோ, எதிர்வீட்டு அத்தை போட்ட ஊறுகாயோ வரும். கொடுப்பதில் ஒரு நயம் உண்டு: முற்றியதையும் சொத்தையையும் நாம் வைத்துக்கொண்டு பிஞ்சைக் கொடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் அடுத்த தடவை "வேணாம்மா, வீட்டுல இருக்கு" என்பார்கள்.

பங்குனி, சித்திரையில் செடிகள் ஓயும்போது கடைசிப் பறிப்பை வத்தல் போடுங்கள். பயிருக்கு ஆகாத அந்த வெயில் வத்தலுக்குக் கைகண்டது. கொத்தவரையை உப்புத் தண்ணீரில் ஒரு கொதி மட்டும் விட்டு வடித்து, தயிர் கடைந்த மோரில் ராத்திரி ஊறவைத்து, பகலில் பாயில் காயவையுங்கள். சாயங்காலம் மீண்டும் அதே மோரில். மோர் வற்றும்வரை இப்படியே, பிறகு வெறும் வெயில். மிளகாய்க்குக் காம்போடு அடியில் ஒரு கீறல் போட்டு இதே முறை. வெண்டையை வில்லையாக நறுக்கி நேரடியாகக் காயவைக்கலாம். ஒடித்தால் சட்டென்று முறியும் பதம் வந்தபிறகுதான் டப்பாவில் போடணும், இல்லாவிட்டால் மழைக்காலத்தில் பூஞ்சை பூத்துவிடும்.

கத்திரி வெயிலில் புது விதை எதுவும் வேண்டாம். மிளகாய், கத்தரிச் செடிகளைப் பாதியாக வெட்டிக் கவாத்து செய்து, 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே தள்ளிவையுங்கள். மழை பார்த்ததும் துளிர்க்கும். காலியான பைகளின் மண்ணைத் தளத்தில் கொட்டிப் பரப்பி ஒரு வாரம் காயவிட்டால் பூஞ்சையும் புழுவும் குறையும். அதோடு புதுத் தொழு உரம் மூன்றில் ஒரு பங்கு கலந்து திரும்ப நிரப்பலாம்.

விதைக்கென்று வெண்டையில் நல்ல செடி ஒன்றைப் பார்த்து, அதில் இரண்டு காயைப் பறிக்காமல் செடியிலேயே காயவிடுங்கள். பீர்க்கும் அப்படித்தான், உள்ளே விதை குலுங்கும் சத்தம் கேட்கும்வரை கொடியிலேயே தொங்கட்டும். நாட்டு ரகமாக இருந்தால்தான் இது சரிவரும், கலப்பின விதையிலிருந்து எடுத்தது தாய்ச்செடி போல வராது. காய்ந்த விதையைக் கொஞ்சம் அடுப்புச் சாம்பலில் புரட்டிக் காகித உறையில் போட்டு, மேலே ரகமும் மாதமும் எழுதிவையுங்கள். எழுதாமல் வைத்தால் ஆடியில் உறையைப் பிரித்துவைத்துக்கொண்டு எது பீர்க்கு, எது சுரை என்று வீடே தகராறு பண்ணும்.